மாதிரிக்கு ஒரு முகம்

போன் கேமராவில் முகத்தைத் தேடும் அந்த மஞ்சள் சதுரம், தீபாவின் முகத்தில் மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது.

பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். மேனகா மகளுக்கு இரட்டைச் சடை போட்டு, முன்னறையின் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தாள். சதுரம் சடையைத் தொட்டது, காதைத் தொட்டது, அப்புறம் வழுக்கிக்கொண்டு போய், பின்னால் ஸ்டாண்டில் இருந்த எண்ணெய் ஓவியத்தில், அதில் நின்ற குழந்தையின் முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

“அசையாம நில்லுடி.”

“நான் அசையவே இல்லம்மா.”

உண்மைதான். ஏழு வயசுக் குழந்தை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றது. மேனகாவுக்குச் சிரிப்பு வந்தது. கேமராவையே ஏமாற்றும் அளவுக்கு வரைந்திருக்கிறோமா என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

பழைய ஓவியங்களின் அழுக்கை எடுத்து, கிழிசலை ஒட்டி, உதிர்ந்த வண்ணத்தை நிரப்பிக் கொடுப்பது அவள் தொழில். உப்பளம் என்கிற பேட்டையில் மாடி வீடு. முன்னறை வேலைக்கு, பின்னறை அவளுக்கும் தீபாவுக்கும். இந்த ஓவியம் சுலோசனா என்ற எழுபது வயது அம்மாளுடையது. பாதி வருஷம் பிரான்சில், பாதி வருஷம் இங்கே என்று இருப்பவர். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட படம். நாற்காலியில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண், அவள் முழங்காலை ஒட்டி நீளச் சட்டையில் ஒரு குழந்தை, குழந்தையின் தோளில் அவள் கை. வந்தபோது அந்தக் குழந்தைக்கு முகம் இல்லை. வண்ணம் முழுக்க உதிர்ந்து வெறும் துணி தெரிந்தது.

“மழைத் தண்ணி பட்டுப் போச்சும்மா,” என்றார் சுலோசனா. “ஆணா பொண்ணான்னு கூட எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. நீயே பார்த்து ஒரு மூஞ்சி வெச்சுடு. மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னார்.

இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அழிந்த இடத்தில் பொதுவாக ஒரு நிறத்தைப் பூசிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அதையும், பின்னால் வருகிறவர் சுலபமாகத் துடைத்து எடுக்கக்கூடிய வண்ணத்தில்தான் பூச வேண்டும். மேனகாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் முகமில்லாத ஒரு குழந்தையை நாள் முழுக்க எதிரே வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தீபாவைப் பார்த்துப் பார்த்து நாலே நாளில் வரைந்து முடித்தாள். வண்ணம்தானே, வேண்டாமென்றால் ஒரு துடைப்பில் போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது: மாணவி தீபலட்சுமி இன்று வரவில்லை. காலையில் வேனில் ஏற்றிக் கையாட்டியதே மேனகாதான். பதறிப்போய் போன் செய்தாள். ஆபீஸில் இருந்தவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இருக்குதுங்க, க்ளாஸ்லதான் ஒக்காந்திருக்குது. மிஸ்ஸு கவனிக்கல போல,” என்றார். செவ்வாய்க்கிழமையும் அதே செய்தி. புதன்கிழமை, தெருமுனையில் குடையோடு நின்ற தாயையும் மகளையும் தாண்டி, தேங்கிய தண்ணீரை வாரி அடித்துவிட்டு வேன் நிற்காமல் போயிற்று.

“என் லிஸ்ட்ல அந்த எடத்துல ஸ்டாப்பே இல்லீங்களே,” என்றார் டிரைவர், போனில். மூன்று வருஷமாக அதே இடத்தில் நிறுத்துகிறவர். மேனகா சண்டை போட்ட பிறகுதான் மறுநாளிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டார்.

மேனகாவுக்கு உடனே ஹரிகிருஷ்ணன் ஞாபகம்தான் வந்தது. கணவன், கடலூரில் இருக்கிறான். பிரிந்து இரண்டு வருஷமாகிறது, தீபா யாரிடம் வளர்வது என்று வழக்கு நடக்கிறது. தாய் வேலையிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், குழந்தையைக் கவனிப்பதில்லை என்பது அவன் வக்கீலின் பல்லவி. பள்ளிக்கு வரவில்லை, வரவில்லை என்று பதிவேட்டில் சேர்ந்துகொண்டே போனால் அவனுக்கு வேறு என்ன வேண்டும்? வேன்காரரைப் பிடித்திருப்பானோ? மிஸ்ஸிடமும் பேசியிருப்பானோ? தீபாவைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உள்ளதுதான். இப்போது அது வேறு எதையும் யோசிக்க விடவில்லை.

வியாழக்கிழமை கீழ்வீட்டு வசந்தா படிக்கட்டில் எதிரே வந்தாள். தினமும் தீபாவைக் கூப்பிட்டு முறுக்கோ பிஸ்கட்டோ கையில் திணிக்கிறவள், அன்றைக்குக் குழந்தையை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு மேனகா இது? ஒறவுக்காரப் பொண்ணா?”

“இன்னாக்கா, வெளையாடுறீங்களா?”

வசந்தா சிரித்து வைத்தாள். தெரியாத வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. இவளுமா, என்று நினைத்தபடி மேனகா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே வந்ததும் தீபா கேட்டாள்: “வசந்தா அத்தைக்கு ஏம்மா என் பேர் தெரியல?”

அன்று ராத்திரி மகளைக் கட்டிக்கொண்டு படுத்தாள். குழந்தையின் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கவில்லை. முன்னறையில் அடிக்கும் டர்பன்டைன் வாசனை அடித்தது. கூடவே கிடக்கிறதே, ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. மூன்று மணிக்கே அறை இருண்டுவிட்டது. மேனகா பொறுக்க மாட்டாமல் கடலூருக்கு போன் போட்டாள்.

“தீபாவ வெச்சு இன்னா நாடகம் ஆடுற?”

“தீபாவா? யாரு?”

“நடிக்காத ஹரி. கோர்ட்டுல கேட்டா நான் எல்லாத்தையும் சொல்வேன்.”

“மேனகா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? டைவர்ஸ் கேஸ்ல குழந்தை எங்கேருந்து வந்துச்சு? நமக்குத்தான் பொறக்கவே இல்லியே.”

அவன் குரலில் கள்ளம் இல்லை. அவன் பொய் சொன்னால் மூக்கால் பேசுவான். எட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? இப்போது அவன் குரலில் இருந்தது நிஜமான இரக்கம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

போனை வைத்தாள். ஜன்னல் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவர் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து மூச்சில் ஏறின. ஸ்டாண்டில் இருந்த ஓவியத்தை அவள் முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். வெள்ளைக் கவுன்காரியின் கை குழந்தையின் தோளில் சும்மா படிந்திருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். இப்போது விரல்கள் அழுந்தி, சட்டைத் துணி மடிந்திருந்தது.

ஜன்னலைச் சாத்தி, புற ஊதா விளக்கைப் போட்டாள். பழைய வார்னிஷ் அந்த ஒளியில் பச்சையாக மினுங்கும். பிற்பாடு பூசிய வண்ணம் கறுப்பாகத் தெரியும். அவள் வரைந்த முகம் கறுப்பாகத் தெரிந்தது. அதன் விளிம்புக்கு வெளியே இன்னொரு முகத்தின் விளிம்பு. அதற்கும் வெளியே மங்கலாக இன்னொன்று. அவளுக்கு முன்னாலும் இங்கே முகம் வைத்திருக்கிறார்கள்.

படத்தைத் திருப்பினாள். மழைத்தண்ணீர் பட்ட கறை எங்கேயும் இல்லை. கீழ்ச்சட்டத்தில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தைக் கத்தி முனையால் உரித்தாள். தான் செய்த வேலையைச் சட்டத்தில் பென்சிலால் எழுதி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எழுதியிருந்தது.

‘கலியபெருமாள், 1991. குழந்தை முகம் புதிதாக வரைந்தது. மாதிரி: என் மகன் இளம்பரிதி, வயது 6.’

அதற்குக் கீழே மங்கிப்போன பிரெஞ்சில் ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அதற்குப் போதும். மாதிரி: என் மகள். பெயர் இருந்த இடத்தில் மரம் வழவழவென்று இருந்தது.

சுலோசனாவுக்கு போன் செய்தாள்.

“கலியபெருமாளா? ஆமாம்மா, முன்ன அவருதான் செஞ்சாரு. தங்கமான மனுஷன். பாவம், கடைசி வரைக்கும் குழந்த குட்டியே இல்ல.”

“அவருக்கு ஒரு பையன் இருந்தானே?”

“அதெல்லாம் இல்லம்மா. அவரு பொண்டாட்டி புள்ள வேணும்னு போகாத கோயில் இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, ஆசையாகக் கேட்டார்: “மூஞ்சி வெச்சுட்டியா?”

மேனகா போனை வைத்தாள்.

துடைக்க வேண்டும். இப்போதே. மணி நாலரை. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள்: தீபா. என் மகள். அழுத்தி எழுதினாள்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தோய்த்து, வரைந்த கன்னத்தில் உருட்டினாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னொன்று. வெள்ளை. அழுத்தித் தேய்த்தாள். வெள்ளை. அவளே கலந்த வண்ணம். ஒரே துடைப்பில் போக வேண்டிய வண்ணம். போகவில்லை.

அசிட்டோன். அதைவிடக் காட்டமான கரைப்பான். பின்னறை அலமாரியில். ஓடினாள். கட்டிலில் இரண்டு தலையணைகள். ஒன்று சின்னது. எதற்குச் சின்னது? தீபாவுக்கு. தீபாவுக்கு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள். இறுக்கம். பல்லால் கடித்தாள். சட்டென்று திறந்தது. கையெல்லாம் கொட்டியது. ஜில்லென்று. உள்ளங்கையில் மை நீலமாக ஓடியது.

பாட்டிலோடு முன்னறைக்கு வந்து நின்றாள்.

எதற்காக இதை எடுத்து வந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மூடியைத் திருகி ஓரமாக வைத்துவிட்டு, கையில் இருந்த நீலக் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். மழை விட்டிருந்தது. ஓவியம் இவ்வளவு அழகாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. குறிப்பாக அந்தக் குழந்தையின் முகம், எங்கேயோ பார்த்த மாதிரி, உயிரோடு இருந்தது. வேலைகளைக் குறித்து வைக்கும் நோட்டில் ‘மாதிரி: என் மகள் தீபலட்சுமி’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. வேலைக் களைப்பில் எதையோ எழுதித் தொலைத்திருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டு, அதை அடித்துவிட்டு ‘கற்பனை’ என்று திருத்தினாள். இனி வார்னிஷ் பூசினால் வேலை முடிந்தது. படத்தை நிமிர்த்தி வைத்து, அகலமான பிரஷை எடுத்து, மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

கதவு தட்டப்பட்டது. திறந்தால், தொப்பலாக நனைந்த பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.

“வேன்ல ஏத்திக்கவே இல்லம்மா. நடந்தே வந்துட்டேன்.”

“யாரு பாப்பா நீ? எந்த வீடு?”

சிறுமி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. பிறகு மேனகாவின் கண்ணைப் பார்த்தது. உதடு கோணிக்கொண்டது. “நாந்தாம்மா. தீபா.”

குழந்தையை முன்னால் அனுப்பி வீட்டை நோட்டம் பார்க்கிற கூட்டம் ஒன்று சுற்றுவதாக எங்கோ கேட்டிருக்கிறாள். உள்ளே நுழையப் பார்த்த சிறுமியைத் தோளைப் பிடித்து வெளியே நிறுத்தினாள். “தப்பான வீட்டுக்கு வந்துட்ட. கீழ போயி விசாரி, போ.” கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவின் கீழ்ப்பாதியில் சின்னக் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. அம்மா, அம்மா என்று ஒரே அழுகை. எவள் பெற்ற பிள்ளையோ, மழையில் இப்படித் தெருத்தெருவாக அலையவிட்டிருக்கிறாளே, அவளெல்லாம் ஒரு தாயா என்று மேனகாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வார்னிஷைப் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுத்தாள். குழந்தையின் நெற்றி. கண்கள். மூக்கு.

வாயின் மேல் பிரஷ் போனபோது, வெளியே கேட்டுக்கொண்டிருந்த குரல் ‘அம்’ என்பதோடு நின்றது.