உப்புப் பூத்த தொட்டிகள்

பியூலாவின் அம்மா ஆனி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு பாளையங்கோட்டையில் இருந்த அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை.

அப்பா பாக்கியசீலன் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் பேசுவதோடு சரி. வீட்டுக்கு வந்தால் ஒரு நாற்காலி, மடியில் ஒரு புத்தகம். பக்கம் மட்டும் புரளாது.

தாழ்வாரத்தில் அம்மாவின் ஏழு மண்தொட்டிகள் இருந்தன. ரோஜா, மரிக்கொழுந்து, இன்னும் சில செடிகள். பத்து வயதுப் பியூலா, கொல்லைக் கிணற்றில் இறைத்து, ஒருநாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். ஆனாலும் இலைகள் ஓரம் கருகின. சிவப்புத் தொட்டிகளின் மேல் சாம்பல் பூசியதுபோல வெள்ளை படர்ந்தது.

கிறிஸ்மஸ் நெருங்கியது. வீட்டைச் சரிசெய்ய அத்தை சாரம்மாள் நாசரேத்திலிருந்து வந்தாள்.

“ஏட்டி, இது பூசணம்லா! சனிக்கிழமை பலவேசம் வெள்ளையடிக்க வருதான். எல்லாத்தையும் உடைச்சு வாசப் பள்ளத்துல போடச் சொல்லுதேன்.”

“வேண்டாம் அத்தை. அம்மா தொட்டி.”

“அம்மா தொட்டின்னா பூசணம் பிடிக்காதாக்கும்?”

பியூலா அப்பாவைப் பார்த்தாள். “அத்தை சொல்லுதபடி செய்” என்றார் அவர், தலை நிமிராமல்.

சுவரின் அடிப்பட்டைக்கென்று காவி வாங்கி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை பியூலா அதைக் கரைத்து ஏழு தொட்டிகளுக்கும் பூசினாள். தொட்டிகள் புதிதாயின. அவள் மூக்கும் பாவாடையும்கூடச் சிவந்தன.

“காவி அடிச்சது தொட்டிக்கா, உனக்கா?” என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமை காலையில் காவியைத் தள்ளிக்கொண்டு வெள்ளை மறுபடி வெளியே வந்திருந்தது. பியூலா தொட்டியைத் தடவியபடி உட்கார்ந்து அழுதாள். அதே கையால் முகத்தைத் துடைத்தாள். உதடு கரித்தது. கண்ணீர்தான் என்று நினைத்தாள். ஆனால் கண்ணீர் இவ்வளவு கரிக்காதே!

நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு!

எழுந்து கிணற்றடிக்கு ஓடினாள். துவைக்கிற கல்லிலும் அதே வெள்ளை. வாளியின் விளிம்பிலும் அதே வெள்ளை.

அம்மா இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதே இல்லை. ஆற்றிலிருந்து வரும் கால்வாயில் துணி துவைத்துவிட்டு வரும்போது, இடுப்பில் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வருவாள். பியூலா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். எதற்கென்று கேட்டதில்லை.

அப்படியானால் ஐந்து மாதமாகச் செடிகளை வாட்டியது அவள்தான்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு துளி வெள்ளையை விரலில் எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனாள்.

“அத்தை, நாக்கை நீட்டுங்க.”

“எதுக்குட்டி? தூ! உப்பு!”

“பூசணம் உப்புக் கரிக்குமா அத்தை?”

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டாள். “சரி, கிணத்து உப்பாவே இருக்கட்டும். கால்வாய்த் தண்ணி இல்லாம செடி பிழைக்காது. தினமும் யாரு சுமக்கா? நீயா? இடுப்பு ஒடிஞ்சிரும். நாளைக்கு உடைச்சிரலாம்.”

“நான் சொம்புல கொண்டு வருவேன்.”

“ஏழு தொட்டிக்குச் சொம்புலயா? விடிஞ்சிரும்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தோடு வந்தார்.

“என்ன தம்பி இது? ஆம்பிளை குடம் தூக்கினா ஊரு சிரிக்கும்.”

அப்பா நிற்கவில்லை. பியூலா சொம்போடு பின்னால் ஓடினாள். கால்வாய்ப் படியில் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “வாத்தியாரய்யா குடம் எடுக்காவ!” அப்பா யாரையும் பார்க்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, சட்டை நனைய நடந்தார்.

பியூலா புளிச்சக்கையும் தேங்காய்நாரும் வைத்துத் தொட்டிகளைத் தேய்த்தாள். மண்ணிலிருந்த உப்பு கரைந்து அடித்துளை வழியே வடியும் வரை அப்பா தண்ணீர் ஊற்றினார். மறுபடி போனார். மறுபடி ஊற்றினார்.

சனிக்கிழமை பலவேசம் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தான்.

பொங்கலுக்குள் ஆறு செடிகள் துளிர்த்தன. ரோஜா பட்டுப்போனது. அப்பா அதைப் பிடுங்கி, மண்ணைக் கிளறிக் கொடுத்தார்.

“இதுல என்ன வைக்கலாம், பியூலா?”

அப்பா அவளிடம் கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உடனே பதில் சொல்லி முடித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

“நாளைக்குச் சொல்லுதேன்ப்பா” என்றாள்.