ஈரம் குடித்த கேமரா!

துடைத்தாள் பூர்ணிமா.

துப்பட்டாவால் லேப்டாப் திரையை அழுத்தி... மறுபடியும்... மறுபடியும்!

பயனில்லை. பனி படர்ந்திருந்தது திரையில் அல்ல. கடல் தாண்டி, நன்னிலத்தில், அப்பாவின் வீட்டு வாசல் கேமராவுக்குள்!

சிங்கப்பூரில் இருந்து அவள் தினமும் காலையில் பார்க்கும் வாசல். இன்று பாலில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அந்த வெண்மைக்குள் குனிந்திருந்தது ஒரு வேட்டி. அப்பா அமிர்தலிங்கம்! குழாயடியில் பல் விளக்குகிறார்.

அவருக்குப் பின்னால்...

இன்னொரு உருவம்! கையில் நீளமாய் ஏதோ!

அப்பாவின் செல்லுக்கு அடித்தாள். எடுப்பார் இல்லை. காது மெஷினைக் குளித்த பிறகுதான் மாட்டுவார். இப்போது இடி விழுந்தாலும் கேட்காது!

பக்கத்து வீட்டு வீரையனின் போன்... ஸ்விட்ச் ஆஃப்!

சித்தப்பா மகன் சதீஷ்? கேமராவை மாட்டியவனே அவன்தான்!

எடுத்துவிட்டான்.

"சதீஷ்! எங்கடா இருக்க?"

"நாகூர்லக்கா." குரல் கிசுகிசுத்தது.

"ஏன்டா மெதுவா பேசுற?"

"தர்காவுக்குள்ள நிக்கிறேன். என்னக்கா?"

"அப்பா பின்னாடி யாரோ நிக்கிறான்டா! மூஞ்சி தெரியல! கேமரா பூரா பனி!"

"பெரியப்பா பண்ண வேலை! ஈரத்தை உறிஞ்ச நான் போட்டிருந்த சிலிக்கா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, நெல்லைத் துணியில முடிஞ்சு உள்ள வெச்சிருக்காரு. 'நனைஞ்ச போனையே அரிசிதானடா காப்பாத்துது'ன்னு வியாக்கியானம் வேற!"

"அது கொள்முதல் நிலையத்துல ஈரம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்புன நெல்லாச்சேடா!"

"அதேதான். உள்ளயே வேர்த்துக் கொட்டுது. எடுக்கப் போனேன்... அதட்டினாரு."

திரையில் உருவம் அசையவில்லை. எதற்கோ காத்திருந்தது.

"வாய்க்கா ஓரத்து நிலத்தை விக்க மாட்டேன்னாரு பாரு... அதுல இருந்துதான்டா மிரட்டல். பயமா இருக்கு!"

"கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருங்கன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டாரா? சரி, நீங்க போனை வைங்க. நான் ஆள் அனுப்புறேன்."

உருவம் நகர்ந்தது! ஓரடி... ஈரடி...

நீளமான அது மேலே எழுந்தது!

கேட்காது என்று தெரிந்தும், கேமராவின் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கி அலறினாள்.

"அப்பா! திரும்பிப் பாருங்க!"

ஒரு நொடி.

"அப்பா! திரும்பிப் பாருங்க!"

யார் அது?

அவள் குரலேதான்! காதில் வைத்திருந்த போனில் இருந்து... சதீஷின் போனில் இருந்து!

பூர்ணிமா போனைக் காதோடு அழுத்தினாள்.

'டணங்!'

இரும்புக் கம்பி தரையில் விழுந்த சத்தம். லேப்டாப்பிலும் கேட்டது. போனிலும் கேட்டது!

வெள்ளை வேட்டி ஒன்றும் அறியாமல் நிமிர்ந்து, வாய் கொப்பளித்தது.

"அ...அக்கா..."

"கம்பியைத் தொடாத சதீஷ். எல்லாம் ரெக்கார்டு ஆகுது." அவள் குரல் உடையவில்லை. "ஈரம் இறங்குனது லென்ஸுலதான்டா... மைக்குல இல்ல!"