கட்டை போட்ட கை

மதியமே சாயங்காலம் போல் மங்கிக் கிடந்த ஒரு நாளில், அண்ணியும் கொழுந்தனும் பழைய பிக்கப் வண்டியில் அந்தக் கல்குவாரிக்குள் இறங்கினார்கள். ஓட்டியது கொழுந்தன். ஓட்டினான் என்பதே பெரிய வார்த்தை. கை ஸ்டியரிங்கில் சும்மா கிடக்க, வாய்தான் டாப் கியரில் ஓடியது.

வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியவள் அவள். எந்த மேட்டில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், எந்தக் கியர் முனகிக்கொண்டு விழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்த கணவன், சுமை இழுக்கிற வேலைக்கு ஆம்பளைதான் போகவேண்டும், தம்பி ஓட்டட்டும், நீ கூடப் போ என்று ஆணையிட்டிருந்தான். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவனுக்கு அதிகாரத்தில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை என்று நினைத்தபடி அவள் பக்கத்து இருக்கையில் ஏறினாள். கொழுந்தனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் சூரப்புலி.

குவாரி மூடிப் பல காலம் ஆகியிருந்தது. கிண்ணம் போன்ற பள்ளம். அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். ஈரக் கல்தூளும் பழைய டீசலும் கலந்த வாடை. தகரக் கொட்டகைக்குள் ஒரு டிரெய்லரும் அதன்மேல் யானை படுத்த மாதிரி ஒரு ஜெனரேட்டரும் கிடந்தன. அதை நகரத்துக்கு இழுத்துப் போவதுதான் வேலை.

அவள் டிரெய்லரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள். பிரேக்குக்குப் போகும் வயரை எலி தின்றிருந்தது. இவ்வளவு கனத்தை இழுக்கும்போது டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்கவேண்டும், அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் மேடு பள்ளம் என்று ஒன்று இருக்கிறதே என்றாள். வண்டி இவ்வளவு இழுக்கும் என்று புத்தகத்திலேயே போட்டிருப்பதாகச் சூரப்புலி சொன்னான்.

"மாப்பிள்ளையா இருந்தப்போ தூக்கினதை எல்லாம் தாத்தாவானப்புறமும் தூக்க முடியுமா? அது வண்டி புதுசா இருந்தப்போ போட்டது," என்றாள் அவள்.

அவன் சிரித்தான். சிரித்ததோடு நிற்காமல், மூலையில் கிடந்த இரும்புத் தகடுகளையும் டிரெய்லரின் வால்பக்கம் ஏற்றினான். பின்னால் கனம் ஏறினால் முன்னால் கொக்கி லேசாகிவிடும், டிரெய்லர் வாலை ஆட்டும் என்று அவள் சொன்னது கல்லில் விழுந்த தூறல். அவன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். அண்ணனும் படுக்கையிலிருந்தே, அவளுக்கு எப்போதும் பயம்தான், நீ கிளம்பு என்று தீர்ப்புச் சொன்னான். கொக்கிக்கு அடியில் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டும் வேலையை மட்டும் அவள் யாரையும் கேட்காமல் தானே செய்தாள்.

வாட்ச்மேன் ஒரு கிழவர். இத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றவர், மேட்டில் நின்றுவிட்டால் சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் கூட்டி வரவில்லையா என்று கேட்டார். ஆள் எதற்கு என்றான் சூரப்புலி. கிழவர் அவனை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். இதே டிரெய்லருக்கு முன்பு கட்டை போட ஒருவன் இருந்தானாம். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வருவான். ஒருநாள் அவன் கட்டையிலிருந்து கையை எடுத்துக் குரல் கொடுப்பதற்குள், பொறுமை இல்லாத டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். கை முதலில் மாட்டியது. பிறகு ஆளே மாட்டிக்கொண்டான்.

"மூணாவது வளைவுல," என்றார் கிழவர். "அங்க மட்டும் நிக்காம போயிடும்மா."

கிழவர் பயம் காட்டிக் காசு பறிக்கப் பார்க்கிறார் என்றான் சூரப்புலி. அவள் வண்டியின் பின்னால் இருந்த மரக்கட்டையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

ஏறத் தொடங்கியதும் மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. முதல் வளைவில் இன்ஜின் இருமியது. இரண்டாவதில் கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. முதல் கியரிலேயே ஏற்று என்று அவள் சொல்ல, அவன் பந்தாவாக இரண்டாவதைப் போட்டான். பக்கத்துக் கண்ணாடியில் அவள் டிரெய்லரைப் பார்த்தபடி வந்தாள். பனியில் அதன் சக்கரம் மட்டும் தெரிந்தது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் தெரிந்தது.

வெறுங்கால். அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. வண்டியின் வேகத்துக்கு யாரும் ஓடித்தான் வரமுடியும், அது நடந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். ஈரம் போயிற்று. கால் போகவில்லை.

மூன்றாவது வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சூரப்புலி நியூட்ரலில் போட்டான். அதைவிடப் புத்திசாலித்தனமாக வேறெதுவும் செய்ய அவனுக்குத் தோன்றவில்லை போலும். வண்டி பின்னால் நகர்ந்தது. இடதுபக்கம் பள்ளம். அவன் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டுக் கதவைத் திறந்து குதித்துவிட்டான்.

சூரப்புலியின் வீரம் அவ்வளவுதான். அவள் தாவி அவன் இடத்தில் விழுந்து, முழு உடம்பையும் பிரேக்கின் மேல் ஏற்றினாள். வண்டி நின்றது. ஆனால் கனம் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது பாவம், பேருக்கு இருந்தது. குதித்து எழுந்து ஓரமாக நின்றவனைக் கூப்பிட்டு, காலடிக் கட்டையைத் தள்ளிக் கொடுத்து, பின்சக்கரத்துக்கு வை, வைத்ததும் கையை எடு, எடுத்த பிறகு குரல் கொடு என்றாள். முதல் முறையாக அவன் எதிர்த்துப் பேசாமல் போனான்.

கண்ணாடியில் அவன் குனிவது தெரிந்தது.

அவனோடு இன்னொருவனும் குனிந்தான்.

கட்டை சக்கரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பனிக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"ரைட்டு, போலாம்."

பின்னாலிருந்து வந்த குரல் அது. நிதானமான குரல். தொழில் தெரிந்தவனின் குரல். சூரப்புலியிடம் நிதானம் எங்கே இருந்தது?

அவள் காலை எடுக்கவில்லை. மேட்டில் நிற்கும் வண்டியை எடுக்கும்போது, பிரேக்கிலிருந்து கால் வந்து கிளட்ச் பிடிப்பதற்குள் வண்டி ஒரு விரற்கடை பின்னால் உட்காரும். அந்த ஒரு விரற்கடையில்தான் அன்றைக்கு ஒருவன் கை போயிருந்தது.

"போலாம்னு சொன்னேன்ல," என்றது குரல். இப்போது இன்னும் பக்கத்தில்.

"அண்ணின்னு கூப்பிடு. அப்புறம் எடுக்கறேன்," என்றாள் அவள்.



நெடுநேரம் கழித்து, கீழேயிருந்து, அழுகையில் நனைந்த கிசுகிசுப்பு வந்தது.

"அண்ணி, எடுக்காதீங்க. என் கை சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கு. விட மாட்டேங்கறான்."

யார் என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடியில் தெரிந்தது. கொழுந்தன் தரையில் குப்புறக் கிடந்தான். அவன் மணிக்கட்டின் மேல் ஒரு வெறுங்கால் மிதித்து நின்றது.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் காலையிலிருந்து அவளுக்குள் அடைத்துக் கிடந்த எரிச்சல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. படுக்கையிலிருந்து தீர்ப்புச் சொன்னவன், கதவைத் திறந்து குதித்தவன், இப்போது செத்தும் வேலையை விடாத இவன். எல்லோருக்கும் அவள் கால்தான் பிரேக்கில் இருக்கவேண்டும். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பனியைப் பார்த்துப் பேசினாள்.

"உன் கை வேலை செஞ்ச கை. இவன் கை பொறந்ததிலிருந்து சோத்துல மட்டும்தான் வேலை செஞ்சிருக்கு. இதை நசுக்கி உனக்கு என்ன கிடைக்கப் போகுது? வேணும்னா நீயே வச்சுக்க. ஒரு வேலையாவது உருப்படியா பண்ணும்."

சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

யாரோ யோசிப்பது போல் ஒரு அமைதி.

பிறகு கொழுந்தன் எழுந்து வந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவனைக் கொஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. இரும்புத் தகடுகள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னாள். அவன் இறக்கினான். வலது கை வேலை செய்த வேகத்துக்கு இடது கை ஈடுகொடுக்க முடியாமல் திணறியதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். வலி இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

கனம் குறைந்ததும் வண்டி முனகி, முக்கி, மேட்டின் உச்சியில் இருந்த சமதரைக்கு ஏறியது. அதற்குமேல் அவள் ஒரு அடி இழுக்கவில்லை. பிரேக் இல்லாத டிரெய்லரோடு இறக்கத்தில் போக அவளுக்கு என்ன பைத்தியமா? சக்கரங்களுக்குப் பெரிய கற்களாக அடைகொடுத்து, கொக்கியைக் கழற்றி, அதை அங்கேயே விட்டாள். பெரிய லாரி வந்து முறைப்படி எடுத்துப் போகட்டும். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். டிரெய்லரின் பக்கத்தில் யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

இறக்கத்தில் பாதி வழியில் பனி விலகி வெயில் வந்தது. கொழுந்தன் பக்கத்து இருக்கையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கணவனுக்குப் போன் போட்டாள். ஜெனரேட்டர் ஏன் வரவில்லை என்று அவன் குரலை உயர்த்தினான். நீங்க எழுந்து வந்து இழுங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். நாள் முழுக்க அவளுக்கு மனசு குளிர்ந்தது அந்த ஒரு நொடிதான்.

அப்போதுதான் கொழுந்தன் மடியில் மல்லாந்து கிடந்த வலது உள்ளங்கையைப் பார்த்தாள்.

காய்ப்பு. விரலடி வரிசை முழுக்க, மஞ்சள் பாரித்து, வெடித்து, மறுபடி இறுகிப்போன பழைய காய்ப்பு. நகங்களுக்குள் கல்தூள். ஆயுசு முழுக்கப் பாரம் தூக்கியவனுக்குத்தான் கை இப்படி ஆகும்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

கை மட்டும் எழுந்தது.

அவள் முழங்காலை உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நீண்டு, அவள் இழுத்துவைத்த ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தது. அவள் பிடித்த பிடி போதாது என்பதுபோல், இன்னும் ஒரு பல் மேலே இழுத்தது.

டக்.