ஒன்றுக்குப் பத்து

அப்பா பஸ் ஓட்டுநர். பணிமனைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் முட்டி மடங்கவே இல்லை.

“தினமும் மடக்கி நீட்டணும். புதன்கிழமை வந்து பார்ப்பேன். குதிகால் இந்தக் கோட்டுக்கு வரலைன்னா, பஸ் ஓட்டுறது கஷ்டம்” என்று கட்டில் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார் பயிற்சி தரும் அக்கா.

அப்பாவுக்கு வலித்தது. “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னறையில் அந்தச் சுவரைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. தெரு தெரிய வேண்டுமென்றால் நான்கு படி இறங்கி முன்னறைக்குப் போக வேண்டும்.

“சுண்டு, தெருவுல என்ன விசேஷம்?” பள்ளி விட்டு வந்ததும் மகளிடம் கேட்பார்.

சுண்டு யோசித்தாள். “சொல்றேன். ஆனா ஒரு விசேஷத்துக்குப் பத்து தடவை மடக்கணும். அரை மடக்கு செல்லாது!”

“அநியாயம்!” என்றார் அப்பா. ஆனாலும் சம்மதித்தார்.

முதல் நாள்: முடிவெட்டும் கடையில் ஒரு குட்டிப் பையன், கீழே கிடந்த தன் முடிக்கு டாட்டா காட்டினான். பத்து மடக்கு.

மறுநாள்: ஏணியில் நின்ற பெயின்டர் மாமா ஒரு பாட்டைப் பாதியில் மறந்து நிறுத்தினார். எதிர்மாடியில் துணி காயப்போட்ட அக்கா மீதியைப் பாடி முடித்தார். அன்று அப்பா பன்னிரண்டு மடக்கினார்.

செவ்வாய்க்கிழமை அடைமழை. பள்ளிக்கூடம் இல்லை. சுண்டு வெளியே போகவே இல்லை.

“அப்பா, தையல்காரர் மாமா ஒரு நாய்க்குச் சட்டை தைச்சுப் போட்டார்!”

“அட! என்ன கலர்?”

“சிவப்பு. நாலு பட்டன்.”

“செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கு லீவாச்சே. கனவுல தைச்சாரா?”

சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பொய்க்கெல்லாம் என் முட்டி மடங்காது” என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

நாளைக்குப் புதன்கிழமை! கண் கலங்க சுண்டு படியிறங்கி ஓடினாள். கடைசிப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய துணி, கையில் அப்பாவின் கறுப்பு ஷூ. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அம்மா, அப்பாதான் எங்கேயும் போறதில்லையே?”

“அதனால என்ன? தினமும்தான் துடைக்கிறேன். கிளம்புற அன்னிக்குத் தூசியா இருந்தா நல்லாவா இருக்கும்?”

சுண்டு ஷூவைப் பார்த்தாள். அதில் அவள் மூக்கு தெரிந்தது. வந்த வேகத்தில் மேலே ஓடினாள்.

“அப்பா, இது நிஜம்!” என்று பார்த்ததையெல்லாம் சொன்னாள். மூக்கு தெரிந்ததையும் சொன்னாள்.

அப்பா இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு போர்வையைத் தள்ளினார். “எண்ணு” என்றார்.

அன்று முப்பது.

புதன்கிழமை பள்ளியிலிருந்து சுண்டு மூச்சிரைக்க வந்தாள். பின்னறைக் கட்டில் காலி!

“இங்க இருக்கேன்” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. அப்பா ஜன்னலோரம், கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார்.

“படியிறங்கினீங்களா? பயிற்சி அக்கா என்ன சொன்னாங்க?”

“கோட்டைத் தாண்டிடுச்சாம். ஒரு மாசத்துல பஸ் ஓட்டலாமாம். அது கிடக்கட்டும், நான் ஒரு விசேஷம் பார்த்தேன். கேக்கறியா?”

“சொல்லுங்க, சொல்லுங்க!”

“தெருவுல ஒரு பொண்ணு வந்தா. மழைத்தண்ணி தேங்கியிருந்தது. முன்னால பார்த்தா, பின்னால பார்த்தா. யாருமில்லைன்னு நினைச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் தூக்கித் தொபுக்குன்னு குதிச்சா!”

சுண்டு தன் நனைந்த பாவாடையைப் பார்த்தாள். “அப்பா! அது நான்தான்!”

“யாரா இருந்தா என்ன? ஒண்ணுக்குப் பத்து. ம், உட்காரு, எழுந்திரு!”

“ஒண்ணு... ரெண்டு...” சமையலறையிலிருந்து அம்மா எண்ணத் தொடங்கினார்.

ஏழாவது தடவை சுண்டு பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

“அரை மடக்கு செல்லாது!” என்றார் அப்பா.