பகவதியம்மாளின் மானிட்டர்

என் கணவர் சுந்தரராமன் அந்த மானிட்டரைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். 2001-ஆம் வருடம், ஆடியில் கொட்டும் கர்க்கடக மழை. கிழக்கேகோட்டையில் எங்கள் தெரு முழுவதும் பார்க்கட்டும் என்று மெதுவாக இறங்கினார். ஆபீஸ் ஏலத்தில் எடுத்ததாம். படம் வரவில்லையாம்.

"நானே சரி பண்ணிடுவேன்" என்றார்.

எங்கள் மிக்சியையும் அப்படித்தான் சரி பண்ணினார். அது பரணில் கிடக்கிறது. அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது தனக்கு எதுவும் தெரியாது என்பதுதான். பதினான்கு வருடங்களாக இதை நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

அது பகவதியம்மாளின் மானிட்டர். என் கணவரின் செக்‌ஷனில் டைப்பிஸ்டாக இருந்த நாகர்கோவில்கார அம்மாள். கழுத்து வலியால் தலை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பல்வலிக்குக் கிராம்பு மென்றுகொண்டே இருப்பார். சாப்பிடும்போது என் கணவர் அந்த அம்மாளை நடித்துக் காட்டுவார். தலையைச் சாய்த்து, ஒற்றை விரலால் தட்டின் விளிம்பைத் தட்டி, இழுத்து இழுத்துப் பேசுவார்: "இன்னிக்கு... முடிச்சிரலாம்... சார்."

நான் சிரிப்பேன். வீட்டில் சண்டை வராமல் இருக்க என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், அவர் நன்றாக நடித்தார்.

போன சித்திரையில் ஒரு மதியம் அந்தத் திரைக்கு முன்னாலேயே அந்த அம்மாள் இறந்துபோனார். தூங்குவதாக நினைத்து இவர் கால் மணி நேரம் திட்டினாராம். அதையும் நடித்துக் காட்டினார்.

அன்றும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மேசையில் திரை என் பக்கம்; முதுகு அவர் பக்கம். பிளக் தரையில் கிடந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தார். பழைய தூசியின் நெடி. அதற்குப் பின்னால் வேறொன்று.

கிராம்பு.

எங்கள் வீட்டில் கிராம்பு கிடையாது. அவருக்கு அந்த வாசனை ஆகாது.

"ஏன்னா, கொஞ்சம் நில்லுங்கோ. சாலைக் கடைத்தெருவிலே டிவி ரிப்பேர் பண்ற லிங்கத்துகிட்ட கேட்டேன். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் நிக்குமாம். செவப்பு வயர் போற ரப்பர் மூடியைத் தொடவே கூடாதாம்."

"லிங்கம் பெரிய எஞ்சினீயராக்கும்! பிளக் கீழே கிடக்கு, கரண்ட் எங்கேர்ந்து வரும், உங்கப்பா ஆத்துலேர்ந்தா? போய்க் காப்பி போடு, போ."

நான் போகவில்லை.

அவர் விரல் அந்த ரப்பர் மூடியை நோக்கிப் போனது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ தப்பு என்று யாராவது இந்த மனிதரிடம் சொல்லட்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்கு இனித்தது.

அப்போது திரை வெளிறியது.

பிளக் தரையில்தான் கிடந்தது.

சாம்பல் வெளிச்சத்தில் என் முகம் தெரிந்தது. என் நெற்றி, என் மூக்குத்தி. ஆனால் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

என் தலை நேராகத்தான் இருந்தது.

டக். யாரோ ஒற்றை விரலால் தட்டினார்கள். இடைவெளி. டக்.

நான் கத்தவில்லை.

சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். அவர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார்.

சாகவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். தலை மட்டும் நிமிரவில்லை. இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. லிங்கம் வந்தார். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். "மாமி, இத நான் தொடமாட்டேன் கேட்டேளா" என்று திரும்பிப் போனார்.

என் கணவர் இப்போது நாள் முழுவதும் அந்த இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை விரலால் மேசையைத் தட்டுகிறார். முதலில் பழைய நடிப்பு என்றே நினைத்தேன், வெறுப்பாக இருந்தது.

"போதும் நிறுத்துங்கோ. யாரும் சிரிக்கலை" என்றேன்.

விரல் நின்றது. சாய்ந்த தலை மெல்லத் திரும்பியது. வாயில் கிராம்பு வாசனை.

"நீங்க... சிரிச்சியளே... அம்மா."

இன்று காலை கண்ணாடி முன் நின்று தலை வாரினேன். வகிடு கோணலாக விழுந்தது. அழித்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் கோணல்.

சீப்பை நேராகத்தான் பிடித்திருந்தேன்.