உதயரவி வாசகசாலையில் பிரிண்டர் மாயம்

திங்கள், காலை 9.10.

உதயரவி வாசகசாலையின் பிரிண்டர் காணாமல் போயிருந்தது. மேசை மேல் பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்தபடியே காணாமல் போயிருந்தது. செயலாளர் சுகுணன் மாஷின் லேப்டாப் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பிரிண்டரே இல்லை என்றது. கமிட்டியில் லேப்டாப் வைத்திருந்த மற்றவர்களுக்கும் அதே பதில். பதினோரு மணிக்கு நூலகத் துறைப் பரிசோதகர் வருகிறார். ஆண்டறிக்கை தாளில் வேண்டும்.

"நாசவேலை!" என்றார் மாஷ். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் வகுப்பறைக் குரல் குறையவில்லை. "போன வாரம் லீவு கேட்டா, குடுக்கல. பழி வாங்கிட்டா! இன்னிக்கே இவள நீக்கணும்."

இவள் என்றது நூலகர் ஷைனியை. இந்த வேலை போனால் மறுபடியும் துணிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க வேண்டும். அவள் கண் கலங்கியதைப் பார்க்க, பேப்பர் படிக்க வந்த எங்களுக்கே பொறுக்கவில்லை. ஆனால் மாஷுக்கு எதிராக யார் வாயைத் திறப்பது?

9.40. நாவல் மாற்ற வந்த ஏ.எஸ்.ஐ. ஜெஸ்ஸிமோளை, போலீஸ் உடுப்பைப் பார்த்ததுமே மாஷ் வளைத்துப் பிடித்தார்.

"பிரிண்டரத் தொட்டியா?" என்றார் ஜெஸ்ஸிமோள்.

"இல்ல மேடம்," என்றாள் ஷைனி.

"வேற எதையாச்சும்?"

"சனிக்கிழமை அந்தச் சின்ன கம்ப்யூட்டர் பலகையில செட்டிங் மாத்தினேன். கமிட்டி சொன்னதுதான். நெட் நல்லாத்தானே ஓடுது?"

சுவரில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகை. அதிலிருந்து கம்பி பிரிண்டருக்கும், மூலையில் உறை போட்டுக் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கும் போனது. வைஃபையை ஊருக்கெல்லாம் பரப்புவதும் அதே பலகைதான்.

ஜெஸ்ஸிமோள் பிரிண்டரின் பொத்தானை அழுத்தினார். அது தன் நெட்வொர்க் விலாசத்தை ஒரு தாளில் துப்பியது: 192.168.1.20. மாஷின் லேப்டாப்பில் பார்த்தார்: 192.168.4.7. இரண்டையும் குறித்துக்கொண்டார்.

"மாஷே, கமிட்டி மினிட்ஸ் புக் குடுங்க. அப்படியே பாலில்லாம ஒரு கட்டன்சாயா."

"நாசவேலைக்கும் மினிட்ஸுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"சாயா வரட்டும், சொல்றேன்."

10.25. ஜெஸ்ஸிமோள் மூலைக்குப் போய் உறையை உருவினார். தூசியில் கமிட்டித் தலைவர் நான்கு முறை தும்மினார். ஆண்டறிக்கை இருந்த பென் டிரைவைச் செருகி ஒரு தட்டு தட்டியதும் பிரிண்டர் உறுமியது. அறிக்கை பக்கம் பக்கமாக வெளியே வந்தது.

"பிரிண்டர் எங்கயும் போகல," என்றார் ஜெஸ்ஸிமோள். "முன்னாடி இந்தப் பலகை பாலமா இருந்துச்சு. கம்பியும் வைஃபையும் ஒரே தெரு. லேப்டாப் 'பிரிண்டரே!'ன்னு கூவினா அதுக்குக் கேக்கும். சனிக்கிழமையிலேர்ந்து ரெண்டும் வேற வேற தெரு. நம்பர்ல மூணாவது எடத்துல ஒண்ணும் நாலும் பாத்தீங்கள்ல? நடுவுல பலகை செக்போஸ்ட் போட்டு உக்காந்திருக்கு. இன்டர்நெட்டுக்குப் போறவன வழி காட்டி அனுப்பும். கூவுற சத்தத்த மட்டும் தாண்ட விடாது."

"பாத்தீங்களா, ஷைனிதான்!" என்று துள்ளினார் மாஷ்.

"இருங்க. ஏழாம் நம்பர் தீர்மானம். 'வராந்தாவில் அமர்ந்து வைஃபை உபயோகிப்போர் நமது பிரிண்டரில் எதிர்க்கட்சி நோட்டீஸ் நாற்பது பிரதி எடுத்துவிட்டபடியால், கம்பிப் பக்கத்துக்கும் வைஃபை பக்கத்துக்கும் இனி யாதொரு உறவும் கூடாது. நூலகர் உடனே ஆவன செய்க. முன்மொழிந்தவர் சுகுணன். ஏகமனதாக நிறைவேறியது.' பதினோரு கையெழுத்து. இதுல யாரோட லேப்டாப்புக்காவது கம்பி இருக்கா?"

ஒருவருக்கும் இல்லை. வராந்தாக்காரர்களை வெளியே தள்ளிய கையோடு தங்களையும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நீக்கணும்னா பதினோரு பேரையும் நீக்கணும். மொதல் பேரு உங்களோடது, மாஷே."

மாஷ் தொண்டையைக் கனைத்தார். "சரி, போனது போகட்டும். ஷைனி, அதப் பழையபடி பாலமாக்கிடு மோளே."

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெப்படி மாஷே? ஏகமனதான தீர்மானத்த நான் மாத்தினா நாசவேலை ஆயிடாதா? கமிட்டி கூடணும். பதினஞ்சு நாள் முன்னாடி எல்லாருக்கும் நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கணும்." பழைய கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. தும்மல் வந்தா சொல்லுங்க, கர்ச்சீப் தர்றேன்."