இருபத்தெட்டாம் தறி

நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய பட்டியலில் நாற்பத்து மூன்று இருந்தது.

ஹேமநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினான். மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளோடு சேர்ந்து மேஜையில் கோடு கோடாக விழுந்திருந்தது. பின்பக்கத்துச் சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சோடா போட்டு வேகவைக்கும் வாடை மாடி வரைக்கும் ஏறி வந்தது. தெருவில் எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும் விசைத்தறிகளின் தடதடப்பு. எல்லாம் தினப்படி இருக்கிற மாதிரிதான் இருந்தது. பட்டியலில் மட்டும் ஒரு வரி அதிகம்.

இருபத்தேழுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் அது இருந்தது. இருபத்தெட்டு. சேவூர். சுபலட்சுமி.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த வரியை அவனே தன் கையால் நீக்கியிருந்தான்.

ஆரணியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அந்தப் பட்டுக் கம்பெனியின் தறிகள் நெசவாளர் வீடுகளில்தான் ஓடின. ஒவ்வொரு தறியின் தலையிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சேலையில் பூ எங்கே விழ வேண்டும், மோட்டார் எப்போது சுற்ற வேண்டும் எல்லாம் அதன் கையில். அதற்குப் புது சாஃப்ட்வேர் வந்தால் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. ஹேமநாத் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாத் தறிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு வில்லங்கம். ஏறி முடித்ததும் கம்ப்யூட்டர் அணைந்து எழும். அப்போது மோட்டாருக்கான மெயின் ஸ்விட்சை அணைக்காத தறியில் மோட்டார் தானாகச் சுற்றும். உள்ளே யார் கை இருக்கிறது என்று அது பார்க்காது.

அதனால்தான் மேனேஜர் அருணகிரி ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். அவர்கள் போனைத் தறியருகே பிடித்தபடி மெயினை அணைக்க வேண்டும். "சத்தம் நிக்கறத உன் காதால கேட்டாத்தான் டிக்கு. நிறுத்திட்டேன்னு வாயால சொன்னா நம்பாத" என்பார். டிக் விழாத தறிக்கு சாஃப்ட்வேர் போகாது.

அன்றைக்கு, நான்கு மாதத்துக்கு முன்னால், ஹேமநாத் இருபத்தேழு வீட்டுக்குப் போன் போட்டான். ஒருத்தர் எடுக்கவில்லை, ஒருத்தர் அப்புறம் பேசு என்றார், ஒருத்தர் ஊர்க்கதை பேசினார். பசி வேறு. மிச்சம் இருந்த வீடுகளுக்கெல்லாம் மொத்தமாக டிக் போட்டு அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சேவூரில் சுபலட்சுமி தறிக்குள் கை விட்டிருந்தாள். முந்தானைதான் முதலில் போனது.

"சத்தம் நின்னுது சார், என் காதால கேட்டேன். அப்புறம் அந்தம்மாவே மறுபடி மெயினப் போட்டுட்டாங்க போல" என்று அவன் அருணகிரியிடம் சொன்னான். கம்ப்யூட்டரிலும் டிக் இருந்தது. செத்தவள் வந்து சாட்சியா சொல்லப் போகிறாள்? முழுப் பூசணிக்காயை ஒரு பருக்கைச் சோற்றில் மறைத்தான், ஊரும் அதை நம்பியது. அவசரக்காரி, தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள் என்று பேர் வந்தது.

இப்போது அவள் வரியை அவன் நீக்கினான். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. வரி திரும்ப வந்தது. மறுபடி நீக்கினான். மறுபடி வந்தது. பழைய பதிவு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

இன்றைக்கு மறுபடியும் ஒரு புது சாஃப்ட்வேர் போக வேண்டும். இந்த முறை ஒரு வீட்டையும் விடவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுச் சத்தமும் நின்றதைக் காதால் கேட்டிருந்தான். பதினேழாம் தறி அவன் வீட்டுடையது, கொசப்பாளையத்தில். அவன் மனைவி ரேணுகாதேவி கூட விதிப்படிதான் போனைப் பிடித்து, மெயினை அணைத்து, "நின்னுடுச்சிங்களா சார்?" என்று கேலியாகக் கேட்டாள்.

சேவூர் நம்பர் இன்னும் அவன் போனில் இருந்தது. போடாமல் இருந்திருக்கலாம். போட்டான்.

எடுத்தது ஜீவானந்தம், சுபலட்சுமியின் புருஷன். அவர் குரலுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. தடக், தடக், தடக்.

"சொல்லுங்க சார்."

"அண்ணே... வேற தறி வாங்கிட்டீங்களா?"

"இன்னா சார் பேஜார் பண்றீங்க. உங்க ஆளுங்கதானே கழட்டி எடுத்துகினு போனாங்க. நான் அந்த வெறும் ரூம்லதான் ஒக்காந்துகினு இருக்கேன்."

தடக், தடக், தடக்.

"சத்தம் கேக்குதே அண்ணே."

"இன்னா சத்தம்? ஃபேன் கூட ஓடல."  பிறகு அவர் தணிந்து சொன்னார். "உங்க மேல ஒண்ணும் இல்ல சார். நிறுத்தின தறிய எதுக்குத் திருப்பிப் போட்டாளோ. அவ பண்ண தப்புக்கு நீங்க ஏன் மனச போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

 இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஹேமநாத் வாயைத் திறந்தான். போனுக்குள் தறி நின்றது.

திரையில் இருபத்தெட்டுக்கு நேரே டிக் விழுந்தது. அவன் கை மவுஸில் இல்லை.

பிறகு பட்டியலின் மேல்பக்கத்தில் ஒரு டிக் அழிந்தது. பதினேழு.

டிக் இல்லை என்றால் அந்தத் தறி நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த வரியில் மட்டும் பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. நான்கு சதவீதம். அவன் எதையும் அமுக்கவில்லை. டிக் இல்லாத தறிக்கு அது போகவும் கூடாது. ஒன்பது. நிறுத்து என்று அமுக்கினான். மறுபடி அமுக்கினான். பன்னிரண்டு. மேஜைக்கு அடியில் புகுந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினான், சர்வரின் ஸ்விட்சை அணைத்தான். திரை கறுத்தது. ஆனால் அவனுக்கே தெரியும், தறிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே அணைத்துப் பயனில்லை. மிச்சத்தை அதுவே ஏற்றிக்கொள்ளும். இருபது நிமிஷம். அதற்கு மேல் ஆகாது.

ரேணுகாவுக்குப் போன் போட்டான். எடுக்கப்பட்டது. தறிச் சத்தம் மட்டும் வந்தது.

"ரேணு! மெயின அணை! கைய வைக்காத! ரேணு!"

தடக், தடக், தடக்.

செருப்பு போடாமல் படியிறங்கி வண்டியைக் கிளப்பினான். கடைத் தெருவில் கல்யாணப் பட்டு வாங்க வந்த வேன்கள் வழியை அடைத்து நின்றன; ஹாரனை அமுக்கியபடி, திட்டு வாங்கியபடி, ஒரு பூக்கடைக் கூடையைத் தட்டிவிட்டபடி போனான். கொசப்பாளையத்துக்குள் திரும்பியதும் ஏதோ குறைந்தது. முதல் வீட்டைத் தாண்டினான், அந்த வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டைத் தாண்டினான், அதுவும் நின்றது. கரண்ட் போகவில்லை, ஜன்னல்களுக்குள் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. அவன் வண்டி கடக்கக் கடக்க ஒவ்வொன்றாக நின்றன. பிறந்ததிலிருந்து அந்தத் தெரு ஒருநாளும் இப்படி ஊமையாக இருந்து அவன் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு தறி மட்டும் ஓடியது. அவன் வீட்டுத் தறி.

கதவைத் தள்ளினான். தறி ஓடவில்லை.

சத்தம் அறை முழுக்க இருந்தது. தறி அசையாமல் நின்றது. தறியில் நெடுக இழுத்துக் கட்டிய பாவின் இழை ஒன்றுகூட ஆடவில்லை. ரேணுகா அதன் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் பாவுக்குள்.

"ஏங்க," என்றாள். மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "இழை ஒண்ணு அறுந்துகினு கெடந்துது. நின்ன தறிதானேன்னு கைய விட்டேன்."

"எடு. கைய எடு ரேணு."

"வரல." அவள் மறுபடி இழுத்துப் பார்த்தாள். "யாரோ புடிச்சிகினு இருக்காங்க."

சின்னத் திரையில் எண்பத்தாறு.

மெயினைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினான். வீட்டு ஃபேன் நின்றது. தறியின் திரை மட்டும் அணையவில்லை. எண்பத்தொன்பது. கத்தரிக்கோலை எடுத்துப் பாவை வெட்டினான். ஆறு மாச நெசவுக்கான பட்டு. வெட்டினான். வெட்டிய இழைகள் கீழே விழவில்லை. தொண்ணூற்று ஒன்று.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் அலறினாள். தோள் மட்டும் பின்னால் வந்தது, கை வரவில்லை.

"நான்தான்!" என்று தறியைப் பார்த்துக் கத்தினான். "நான்தாம்மா அமுக்கினேன்! உனக்குப் போன் போடல! சத்தம் நின்னுதுன்னு பொய் சொன்னேன்! ஊரக் கூட்டிச் சொல்றேன், ஜீவானந்தம் கால்ல விழறேன், இவள விட்டுடு!"

தறிச் சத்தம் நின்றது.

ரேணுகா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பத்து வருஷமாகக் கூட வாழ்ந்தவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. "நீங்களா?" என்றாள். "அந்த அக்காவயா?"

 தொண்ணூற்று நான்கு.

அவள் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை உள்ளே விட்டான். இழைகளுக்கு அடியில் குளிர்ந்து கிடந்தது. தேடினான். ரேணுவின் விரல். ரேணுவின் வளையல். அதற்கு மேல், இறுகிப் பிடித்திருந்த வேறு விரல்கள். சின்ன விரல்கள். நாள் முழுக்க இழை இழுத்துக் காய்த்த நுனிகள்.

அவை அவளை விட்டன.

ரேணுகா பின்னால் போய்ச் சுவரில் மோதி விழுந்தாள். சிவந்த கைகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஹேமநாத் தன் கைகளை இழுத்தான்.

வரவில்லை.

தொண்ணூற்று ஏழு. "ரேணு," என்றான். அவள் எழுந்து ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. கை வரவில்லை. தொண்ணூற்று எட்டு. இழைகளின் இடுக்கில் அவனுக்கு இப்போது தெரிந்தது. இரண்டு கைகள், அவ்வளவுதான். அவன் சுண்டு விரலைச் சுற்றி ஒரு பட்டிழையைப் போட்டு, பாவோடு சேர்த்து, நறுவிசாக ஒரு முடிச்சு. அடுத்து மோதிர விரல். ஒரு முடிச்சு. அவசரமே இல்லை. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டன.

நூறு.

திரை கறுத்தது. மோட்டார் முனகத் தொடங்கியது. அந்தக் கைகள் அவன் கட்டை விரலுக்கு வந்திருந்தன.